பதிமூன்று வாரமும் ஐந்து நாளும்

ஆம்புலன்ஸ் சந்துக்குள் திரும்புகிற சத்தம் கேட்டதுமே ராஜபாய் ஓடிவந்து ஜன்னல் திரைச்சீலையை இழுத்துவிட்டாள். இழுத்த வேகத்தில் கம்பியின் ஒரு முனை ஆணியிலிருந்து கழன்று அவள் தலையிலேயே விழுந்தது.

"சவம், இதுக்கும் இன்னைக்குத்தான் நேரம் கண்டுது" என்றவள் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். கம்பியை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடியே, "நீ அங்க பாக்காத மக்கா. பாக்கப்பிடாது" என்றாள்.

சுஜா பார்க்கவில்லை. அவள் கையிலிருந்த ஃபோனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கர்ப்ப நாள்களைக் கணக்கு வைக்கிற ஆப் அது. பதிமூன்று வாரம், ஐந்து நாள் என்று காட்டியது. பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழப் படம். பிள்ளை இப்போது அந்த அளவுதானாம்.

ஆம்புலன்ஸில் வந்தது அவளுடைய அக்கா ராஜி. வியாழக்கிழமை விடியக்காலையில், இதே இரணியலில், மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற புருஷன் வீட்டில் வைத்து ராஜிக்குக் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது. நாகர்கோவிலுக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண் குழந்தை, ஒன்றேகால் கிலோ, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. ராஜி அதன்பிறகு கண் திறக்கவில்லை. நேற்று மாலை எல்லாம் முடிந்தது.

வயிற்றில் பிள்ளை உள்ளவள் இறந்தவர் முகத்தில் விழிக்கக்கூடாது. அதனால் காலையில் தாய்வீடு இருக்கிற தாழக்குடியிலிருந்து வேன் வந்து நின்றதும், அம்மா கோமளவல்லி சுஜாவைப் பந்தலுக்குள் விடாமல் நேராகப் பக்கத்து வீட்டில் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டுப் போனாள். ராஜபாய் வேதக்காரி, கிறிஸ்தவள். புலையும் தீட்டும் அந்த வீட்டு வாசற்படியோடு நின்றுவிடும் என்று ஒரு கணக்கு.

அழுகை மதிலைத் தாண்டி வந்தது. சுஜா எழுந்து உள்ளறைக்குப் போய் வினோஜை ஃபோனில் கூப்பிட்டாள். அவன் அவளோடு லேபில் வேலை பார்க்கிறவன். வீடு வீடாகப் போய் இரத்தம் எடுத்து வருவது அவன் வேலை.

"வினோஜ், இன்னைக்கு சாம்பிள் கொண்டுபோற நாலு மணி வண்டி உண்டும்லா?"

"உண்டு. சுஜாக்கா, நீங்க... அக்காவ கொண்டு வந்தாச்சா?"

"இப்பதான் வந்துது. நீ ஒரு காரியம் செய்யணும். ரெண்டு மணிக்கு இங்க வந்து எனக்கு ரெத்தம் எடுக்கணும்."

"இன்னைக்கா?"

"நாளைக்கு ஞாயிறு, வண்டி கெடையாது. திங்கக்கிழமைன்னா பதினாலு வாரம் ஆயிரும். அதுக்கப்புறம் எடுத்தா அந்தக் கணக்குல சேராது. ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா துட்டி வீட்டுல வச்சு... எனக்கு பேடியாக்கும் அக்கா."

"தெனம் முப்பது பேரு ரெத்தத்த உறிஞ்சுக, ஒனக்கு என்னல பயம். நான் பக்கத்து வீட்டுலதான் இருக்கேன். எழுதி நெரப்புக பாரத்தையும் எடுத்துட்டு வா. மறந்துராத."

சுஜா ஆறு வருஷமாக அந்த லேபில் இருக்கிறாள். எத்தனையோ பேருக்கு ஊசி குத்தியிருக்கிறாள். தனக்கென்று வந்தபோது திங்கட்கிழமை ஸ்கேன் எடுத்தாள், இரத்தத்தை வியாழக்கிழமை கொடுக்கலாம் என்று வைத்திருந்தாள். வியாழக்கிழமை இப்படி ஆகிவிட்டது.

திரும்பி வந்தபோது ராஜபாய் ஒரு கிண்ணத்தில் கஞ்சியும் ஒரு தட்டில் பயறும் வைத்துக்கொண்டு நின்றாள். கம்பி இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

"குடி. நீ பட்டினி கெடந்தா அவ எழும்பி வரமாட்டா. ரெத்தம் எடுக்கப் போறியா?"

"ஆமா மாமி."

"என்னத்துக்கு?"

சுஜா ஸ்பூனைக் கஞ்சிக்குள் விட்டாள். "கர்ப்பத்துல பிரஷர் கூடுமா கூடாதான்னு முன்கூட்டியே பாக்கதுக்கு. நஞ்சுக்கொடி நல்லா வேரு பிடிச்சா ரெத்தத்துல ஒரு சத்து ஏறும். அது கொறஞ்சு கெடந்தா பின்னால சூட்சிச்சு, கவனமா இருக்கணும்னு அர்த்தம். பதினாறு வாரத்துக்கு முந்தித் தெரிஞ்சா மாத்திர தொடங்கலாம். வாரம் வாரம் பிரஷர் பாத்துக்கலாம்."

"இத்தன முந்தியா? வயிறே தெரியல்ல இன்னும்."

"வயிறு தெரிஞ்சதுக்கப்புறம் பாத்தா பிந்திரும் மாமி."

"ராஜிக்கும் பாத்தாவளா?"

சுஜா ஒரு வாய் கஞ்சியை விழுங்கினாள். "பாத்துது. நாந்தான் எடுத்தேன்."

ராஜபாய் பயறுத் தட்டை அவள் பக்கமாகத் தள்ளிவைத்தாள்.

பதினொரு மணிக்குக் கோமளவல்லி வந்தாள். பிறந்த வீட்டுக் கோடி எடுக்க வந்திருந்தாள். மகளுக்குக் கடைசியாக உடுத்துகிற சேலை. சுஜாவின் பையில்தான் இருந்தது. மாம்பழ நிறம், அரக்குக் கரை. நிறத்தைத் தேர்ந்தெடுத்தது அப்பா தாணப்பன். கடையில் வைத்து, "அவளுக்கு மஞ்சள்தான் பிடிக்கும்" என்று சொன்னவர், அதற்குப் பிறகு இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

சுஜா சேலையை எடுத்துக் கொடுத்துவிட்டு, வினோஜ் வரப்போகிற செய்தியைச் சொன்னாள்.

"ஒனக்கு புத்தி கெட்டுப்போச்சாட்டி?" கோமளவல்லி சத்தமாகச் சொல்லவில்லை. "கூடப்பிறந்தவ அங்க கெடக்கா. இன்னைக்கு ஒடம்புல ஊசி குத்தி ரெத்தம் சிந்துவாவளா? பதினாறு கழியட்டும்."

"பதினாறு கழிஞ்சா எனக்கும் பதினாறு வாரம் ஆயிரும் அம்மை. அப்புறம் மாத்திர தொடங்கி ஒண்ணும் பிரயோசனம் இல்ல."

"ஒனக்கு ஒண்ணும் வராது."

"ராஜிக்கும் வராதுன்னுதான் சொன்ன."

கோமளவல்லி சேலையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். பிறகு ராஜபாயைப் பார்த்து, "அவளுக்குக் குடிக்க வெள்ளம் குடுங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அப்பாவின் மூத்த சகோதரி செல்லத்தாய் வந்து சேர்ந்தது அதன்பிறகுதான். சுஜா பார்க்காமலே அது தெரிந்துவிட்டது. அத்தை எந்தத் துட்டிக்குப் போனாலும் தெருமுனையிலேயே தொடங்கிவிடுவாள். அழுகிறவர்கள் எல்லாரும் அடங்கி அவளுக்கு வழிவிடுவார்கள். அத்தைக்குப் பாட்டு என்று தனியாக ஒன்றும் கிடையாது. போய்ச் சேர்ந்தவரைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் ராகத்தோடு சொல்லுவாள், அவ்வளவுதான். அதனால் அவள் வாயைக் கண்டால் ஊரில் பாதிப் பேருக்குப் பயம்.

மதிலுக்கு அப்பால் அந்தக் குரல் எழும்பியது.

"பெத்தவளுக்கும் இழுத்துச்சே, பிள்ளைக்கும் இழுத்துச்சே... நீ பிறந்த அன்னைக்கு ஒங்கம்மை கரண்டியக் கடிச்சுப் பொழச்சாளே, ஒனக்கு ஒரு கரண்டி குடுக்க நான் பக்கத்துல இல்லாமப் போனேனே, எம் பொன்னு ராஜி..."

பாட்டு அங்கேயே அறுந்தது. யாரோ அத்தையின் வாயைப் பொத்தியதுபோல அறுந்தது. அடுத்த நிமிஷம் பத்துப் பதினைந்து பேர் ஒன்றாக அழத் தொடங்கினார்கள்.

சுஜா கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

அம்மாவின் நாக்கில், இடது ஓரமாக, வெள்ளையாக ஒரு தழும்பு உண்டு. சின்ன வயதில் ராஜியும் சுஜாவும் நாக்கை நீட்டச் சொல்லி அதைப் பார்ப்பார்கள். படிக்கட்டில் விழுந்தபோது பல் பட்டது என்று அம்மா சொல்லியிருந்தாள். எந்தப் படிக்கட்டு என்று அவர்கள் கேட்டதில்லை.

ஐந்து மாதத்துக்கு முன்னால் லேபில் வைத்து ராஜிக்கு இரத்தம் எடுத்தபோது பாரத்தை நிரப்பியது சுஜாதான். வயது, உயரம், எடை. அப்புறம் ஒரு கேள்வி. உங்கள் தாய்க்குக் கர்ப்பகாலத்தில் இரத்த அழுத்தமோ வலிப்போ வந்ததுண்டா? ராஜி சிரித்துக்கொண்டே, "அம்மைட்டயே கேளு, எனக்கு அப்ப வயசு பத்தாது" என்றாள். சுஜா அங்கிருந்தே அம்மாவுக்கு ஃபோன் போட்டாள். "நம்ம குடும்பத்துல அப்படியெல்லாம் ஒண்ணும் கெடையாது. இல்லன்னு போடு" என்றாள் அம்மா. சுஜா, இல்லை என்ற கட்டத்தில் டிக் போட்டாள்.

முடிவு நூற்று நாற்பதில் ஒன்று என்று வந்தது. நூற்றில் ஒன்றைத் தாண்டினால்தான் மாத்திரை. ராஜி தாண்டவில்லை. "பாஸாயிட்டேன்" என்று மெசேஜ் அனுப்பினாள்.

அந்த டிக் அடுத்த கட்டத்தில் விழுந்திருந்தால் எண் எங்கே போய் நின்றிருக்கும் என்று சுஜாவால் ஊகிக்க முடிந்தது. மாத்திரை போட்டிருந்தால் ராஜி பிழைத்திருப்பாளா என்று அவளால் சொல்ல முடியாது. யாராலும் சொல்ல முடியாது. ஆனால் வாரத்துக்கு ஒருநாள் யாராவது அவள் கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்திருப்பார்கள்.

அவள் எழுந்து செருப்பைப் போட்டாள்.

"எங்க மக்கா?" என்று ராஜபாய் குறுக்கே வந்தாள்.

"அங்க."

"நீ போகப்பிடாது. ஒங்கம்மை என்னையாக்கும் ஏசுவா."

"ஏசட்டும் மாமி. நான் பாத்துக்கிடுகேன்."

ராஜபாய் ஒரு நிமிஷம் அவள் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் கொடியிலிருந்து ஒரு துண்டை எடுத்து அவள் தோளில் போட்டாள். "வெயிலு. தலையில இட்டுக்கோ."

பந்தலுக்குள் அவள் நுழைந்ததும் பெண்கள் ஒதுங்கினார்கள். "ஐயோ, வாயும் வயிறுமா இருக்கப்பட்ட பிள்ளையல்லா" என்று யாரோ சொன்னார்கள். ராஜியின் புருஷன் நிதின் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவன் தலைநிமிரவே இல்லை. மாம்பழ நிறச் சேலையை உடுத்திவிட்டிருந்தார்கள். நெற்றியில் பெரிய குங்குமம். முகத்தைப் பார்க்கத்தான் வந்தாள், ஆனால் சுஜாவின் கண் முதலில் காலில் போய் நின்றது. வீக்கம் வற்றவே இல்லை. இரண்டாவது விரலில் மெட்டி இல்லை. ஆஸ்பத்திரியில் வெட்டித்தான் எடுத்தார்களாம். மெட்டி இருந்த இடத்தில் சதை வட்டமாகப் பள்ளம் விழுந்து கிடந்தது. சுஜா குனிந்து அந்தப் பள்ளத்தின்மேல் விரலை வைத்தாள். ஈரத்துணிபோல இருந்தது.

பிறகு அம்மாவிடம் போய்ப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள்.

"அத்த சொன்னது நெசமா?"

கோமளவல்லி பிணத்தின் முகத்தில் உட்கார வந்த ஒரு ஈயை விசிறினாள்.

"அம்மை, எனக்குப் பாரத்துல எழுதணும். ஒப்பாரியில கேட்டத எழுத முடியாது. அது வெறும் வலிப்பா, பிரஷர் கூடி வந்ததான்னு ஒனக்குத்தான் தெரியும்."

"இப்பமா கேக்க?" கோமளவல்லியின் உதடு மட்டும் அசைந்தது. "இத்தன பேரு முன்னால."

"ரெண்டு மணிக்கு வினோஜ் வருவான். நான் ராஜபாய் மாமி வீட்டுல இருப்பேன். நீ வந்து சொல்லணும்."

அத்தை செல்லத்தாய் சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். சுஜா எழுந்தபோது அவளும் கையை ஊன்றி எழ முயன்று, முடியாமல் அப்படியே இருந்துகொண்டாள்.

ஒன்றரை மணிக்குச் சங்கு ஊதினார்கள். ஆண்கள் ராஜியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் சந்தின் முனைவரை போய் நின்று அழுதுவிட்டுத் திரும்பினார்கள். இந்த முறை திரைச்சீலை இல்லாத ஜன்னல் வழியாக சுஜா எல்லாவற்றையும் பார்த்தாள். அப்பா முன்னால் நடந்தார். அவர் நடை எப்போதும் வேகம். இன்று தூக்குகிறவர்கள் அவருக்காக நின்று நின்று போனார்கள்.

வினோஜ் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டான். பைக்கை இரண்டு வீடு தள்ளியே நிறுத்திவிட்டு, ஐஸ் பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு, மதிலை ஒட்டினாற்போல நடந்து வந்தான்.

"போயாச்சா அக்கா?" என்று வாசலில் நின்றே கேட்டான்.

"போயாச்சு. உள்ள வா."

ராஜபாய் சாப்பாட்டு மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் விரிப்பைத் துடைத்து, ஃபேனைப் போட்டாள். வினோஜ் உட்கார்ந்து பாரத்தை விரித்தான். வெளியே ஆள்களுக்கு வேடிக்கை காட்டுகிற வாய் அவனுக்கு. இன்று ஒவ்வொரு கேள்வியையும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி மெதுவாக வாசித்தான். வயது இருபத்தாறு. உயரம். எடை. முதல் கர்ப்பம். பிரஷரை இரண்டு கையிலும் பார்த்து எழுதினான். அந்தக் கேள்விக்கு வந்ததும் பேனாவை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தான்.

"இத வெறும ஆமான்னு போட்டுரவா அக்கா? யாரு வந்து கேக்கப் போறா."

"இல்லன்னு போட்டப்பவும் யாரும் வந்து கேக்கல்ல. இரு."

"எவ்வளவு நேரம் இருக்க? மூணு மணிக்குள்ள நான் லேபுல இருக்கணும். ரெத்தத்த மெஷின்ல சுத்திப் பிரிச்சு வச்சாத்தானே வண்டியில ஏத்த முடியும்."

"அது எனக்கே சொல்லித் தாறியா நீ? பதினஞ்சு நிமிசம் இரு."

மதிலுக்கு அப்பால் பெண்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். வாளி வாளியாகத் தண்ணீர் விழுகிற சத்தம். வீடு கழுவுகிற துடைப்பத்தின் சத்தம். இரண்டு மணி பத்து ஆயிற்று. சுஜா சட்டைக் கையை மடித்து மேலே விட்டுக்கொண்டாள். இரண்டே கால் ஆனபோது வினோஜ் ரப்பர் பட்டையை எடுத்து மேசைமேல் வைத்தான்.

கதவு திறந்திருந்தது. கோமளவல்லி வாசலில் நின்றாள்.

குளித்த ஈரத்தோடு அப்படியே வந்திருந்தாள். தலைமுடி தோளில் ஒட்டிக்கிடந்தது. சேலையிலிருந்து வழிந்த தண்ணீர் படியில் விழுந்தது. மகளை அனுப்பிவிட்டுக் குளித்தவள் துட்டி வீட்டு விளக்கைத் தொழாமல் இன்னொருவர் வீட்டுப் படி ஏறக்கூடாது. பின்னாலேயே, "கோமளம், எங்க போற? கோமளம்" என்று அத்தையின் குரல் வந்தது. கோமளவல்லி திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே வந்து சுஜாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எழுது மக்கா" என்றாள் வினோஜிடம். "ராஜிய பெத்தப்பதான். எட்டாம் மாசம். காலு வீங்கிச்சு, அப்புறம் மொகம் வீங்கிச்சு. பூதப்பாண்டியில நர்ஸம்மா கையில கெட்டிப் பாத்துட்டு பிரஷர் ரொம்பக் கூடுதல், நாகர்கோவிலுக்குக் கொண்டு போங்கன்னு சொன்னா. போற வழியில இழுத்துச்சு. மூணு தடவ."

"அதுக்கப்புறம் எப்பவாவது வந்துதா அம்மா?" வினோஜ் எழுதிக்கொண்டே கேட்டான்.

"இல்ல. இவள பெத்தப்ப வரல்ல. பிறகும் வரல்ல."

"அப்போ அது காக்கா வலிப்பே இல்ல அம்மை" என்றாள் சுஜா.

"என் மாமியாரு அப்படித்தான் பேரு வச்சா. வெளிய தெரிஞ்சா பொட்டப்பிள்ளைய எவன் கெட்டுவான்னு சொன்னா. பிறகு நீயும் பிறந்த. நான் வாயத் திறக்கல்ல. ஒங்கப்பாவும் திறக்கல்ல." அவள் மேசை விரிப்பின் ஓரத்தை விரலால் நீவினாள். "புதன்கிழமை சாயங்காலம் ராஜி ஃபோன்ல சொன்னா. தல வலிக்கு அம்மை, கண்ணுக்குள்ள மின்னுகுன்னு. எனக்கு வந்தது மாதிரின்னு தெரிஞ்சுது. அப்பவும் சொல்லல்ல."

அடுக்களை வாசலில் ராஜபாய் நின்றுகொண்டிருந்தாள். வினோஜ் பாரத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எந்த வருசம்னும் போடணும் அம்மா" என்றான் கடைசியில், மெதுவாக.

கோமளவல்லி வருஷத்தைச் சொன்னாள். மாதத்தையும் நாளையும் சொன்னாள். அவன் எழுதி, ஆம் என்ற கட்டத்தில் டிக் போட்டான். அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. சகோதரிக்கு? அதை அவன் வாசிக்கவில்லை. சுஜா பாரத்தைத் தன் பக்கம் திருப்பி, பேனாவை வாங்கி, தானே டிக் போட்டாள்.

"கண்ணாடிப் பெட்டியில கெடக்க அந்தக் குட்டிக்கும் எழுதணும்" என்றாள் கோமளவல்லி. "பெருசானா அவகிட்டயும் கேப்பாவள்லா?"

"கேப்பாவ."

"அப்போ நீ சொல்லணும். நான் இருக்கமாட்டேன்."

"சொல்லுகேன்."

வினோஜ் பட்டையைக் கட்டினான். சுஜா கையை மடக்கினாள். நரம்பு உடனே தெரிந்தது. ஊசி இறங்கும்போது அவள் வேறெங்கும் பார்க்கவில்லை, குழாயில் ஏறுகிற இரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோமளவல்லியும் பார்த்தாள். நிறைந்ததும் வினோஜ் பஞ்சை வைத்து ஊசியை உருவினான். சுஜா தன் கையால் அழுத்துவதற்கு முன்னால், ஈரமான ஒரு பெருவிரல் பஞ்சின்மேல் வந்து உட்கார்ந்தது.

"ரெண்டு நிமிசம் அழுத்திப் பிடிச்சா போதும் அம்மா" என்று சொல்லிவிட்டு வினோஜ் பெட்டியைத் தூக்கினான். தெரு முழுக்க மிதிபட்ட பூ கிடந்தது. இந்தமுறை அவன் மதிலை ஒட்டி நடக்கவில்லை. நடுத்தெருவில் ஓடியே போனான். பைக் கிளம்பி, சந்து திரும்பி, தக்கலை ரோட்டில் ஏறுகிற சத்தம்வரை கேட்டது.

ராஜபாய் தரையைத் துடைக்கத் துணியோடு வந்தாள். வாசலிலிருந்து நாற்காலிவரை ஈரக்கால் தடம் கிடந்தது. அவள் குனிந்தாள், பிறகு துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு அடுக்களைக்குத் திரும்பிவிட்டாள்.

இரண்டு நிமிஷம் எப்போதோ கழிந்திருந்தது. இரத்தம் நின்றிருந்தது. அம்மாவின் தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக மேசைமேல் விழுந்துகொண்டிருந்தது. கோமளவல்லி பஞ்சிலிருந்து விரலை எடுக்கவில்லை. சுஜாவும் கையை இழுக்கவில்லை.